மேலே யார் பார்த்தது?

வக்கீலம்மா கேட்ட கேள்வி ரொம்பச் சின்னது. கூட்டு வியாபாரத்தில் பணம் எடுக்கவும் ஒப்பந்தம் போடவும் ரெண்டு பேருமே கையெழுத்துப் போடணுமா, இல்லை யாராவது ஒருத்தர் போட்டால் போதுமா?

"ஒருத்தர் போதும்" என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமையாகச் சிரித்தும் கொண்டார்கள். வக்கீலம்மா சிரிக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மூடி, "நல்லா யோசிச்சீங்களா?" என்றார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருவரும் லிஃப்ட் மெக்கானிக்குகள். ஒரே கம்பெனியில் சேர்ந்து, தலை நரைக்கிறவரை ஒன்றாகவே வேலை பார்த்தவர்கள், இப்போது சொந்தமாக லிஃப்ட் பராமரிக்கும் தொழில் தொடங்கப்போகிறவர்கள். ஒருவர் எப்போதும் மேலே, மொட்டை மாடியில் மோட்டார் இருக்கும் அறையில். மற்றவர் எப்போதும் கீழே, லிஃப்ட் வந்து உட்காரும் பள்ளத்தில். கம்பெனியில் இவர்களை மேல்வீடு, கீழ்வீடு என்றுதான் கூப்பிடுவார்கள். மேலேயிருந்து "விடவா?" என்று ஒரு குரல் போகும், கீழேயிருந்து "விடு" என்று ஒரு குரல் வரும். தன் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வராமல் மேலே கை அசையாது என்று நம்பித்தான் கீழ்வீடு, தலைக்கு மேல் தொங்கும் இரும்புப் பெட்டிக்கு அடியில் உட்கார்ந்து சாவகாசமாக ஸ்பேனர் பிடிப்பார். உயிரையே நம்பி ஒப்படைத்தவர் தங்கையைக் கொடுக்க யோசிப்பாரா? கொடுத்தார். அப்படித்தான் கீழ்வீடு மேல்வீட்டுக்கு மச்சான் ஆனார். இப்படிப்பட்ட ரெண்டு பேரிடம் போய் ரெண்டு கையெழுத்து கேட்டால் அது அவமானம் இல்லையா?

வக்கீலம்மாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் கேட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

"கூட்டுன்னா லாபத்துல பாதிப் பாதின்னு மட்டும் நினைச்சுக்காதீங்க சார்" என்றார். "அவர் தொழிலுக்காகப் போடற கையெழுத்து உங்களையும் கட்டும். நீங்க போடறது அவரையும் கட்டும். கடனோ நஷ்டஈடோ வந்து, கடையில இருக்கிறது பத்தலைன்னா நேரா வீட்டுக்கு வருவாங்க."

"வந்து பாதி கேப்பாங்க" என்றார் மச்சான், பரீட்சையில் பதில் சொல்கிறவர் தோரணையில்.

"அதுதான் இல்ல. உங்க ரெண்டு பேருக்குள்ள பாதிப் பாதி. வெளியில இருந்து வர்றவங்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்டயே முழுசா வாங்கிக்கலாம்."

மச்சான் இருப்பது வாடகை வீடு. அவரிடம் இருப்பதெல்லாம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் வாயும்தான். சொந்த வீடு இருப்பது ஒருத்தருக்குத்தான். யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்ட என்றால் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

"வீடும் போகுமா மேடம்?" என்று மேல்வீடு கேட்டார்.

"போகலாம்னுதான் சொல்றேன். அதனாலதான் முதல் வேலையை ஒத்துக்கறதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸ் எடுத்துடுங்க. இல்லைன்னா பொறுப்பு முதலீட்டோட நிக்கிற மாதிரி கம்பெனியா பதிவு பண்ணலாம். செலவும் கணக்கு வழக்கும் அதிகம்."

"அதெல்லாம் பெரிய மனுஷங்க சமாச்சாரம்" என்று மச்சான் முடித்து வைத்தார். "எங்களுக்கு ஒரு ஷட்டர், ஒரு போர்டு, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். போதும் மேடம்."

கூட்டுப் பத்திரத்தைத் தட்டச்சு செய்து வைப்பதாகவும், அடுத்த வாரம் வந்து கையெழுத்துப் போடலாம் என்றும் வக்கீலம்மா அனுப்பி வைத்தார். படியிறங்கும்போது மச்சான் விசிலடித்துக்கொண்டு இறங்கினார். மேல்வீடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரெண்டு அறை, ஒரு சமையல்கட்டு, துணி காயப்போட ஒரு பால்கனி. வீட்டுப் பத்திரத்தில் மேல்வீட்டின் பெயர்தான் இருந்தது. ஆனால் மாசாமாசம் வங்கிக்குப் போனது அவர் மனைவியின் சம்பளம். மருந்து மொத்தக் கடையில் பில் போடுகிறவள் அவள். அவள் பேனாக் கீறல் இல்லாமல் அந்தக் கடையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வாசல் தாண்டாது. புதுப் புடவையை யோசித்து யோசித்துத் தள்ளிப்போட்டு, பஸ்ஸுக்குப் பதில் நடந்து, பல்வலியைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்து அடைத்த கடன். போன வருஷம்தான் முடிந்தது. கடைசித் தவணை கட்டிய அன்று அவள் வீட்டுக்கு வந்து சுவரை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

அன்று சாயங்காலம் அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். "வக்கீல் என்ன சொன்னாங்க?"

"எல்லாம் சரிதான்னு சொன்னாங்க."

"வீட்டுக்கு ஒண்ணும் வராதே?"

"வீட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அவர்.

அது பதில் இல்லை, கேள்வி. பொய் சொல்லத் தெரியாதவர்கள் இப்படித்தான் கேள்வி கேட்டுத் தப்பிப்பார்கள். அவள் கையிலிருந்த தலையணை உறையை நீவி மடித்து மேலே வைத்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேட்காததுதான் உறுத்தியது.

ரெண்டு நாள் கழித்து, வாடகைக்கு எடுத்திருந்த கடைக்குள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது மச்சான் வந்தார். முகமெல்லாம் பல்.

"மாப்ளே! கையைக் கழுவு. முதல் போணி ஆயிடுச்சு."

கையில் ஒரு ஒப்பந்தம். ஏழு மாடிக் கட்டடம். கீழே மருந்துக்கடை, நடுவில் ஆபீஸ்கள், மேலே ரெண்டு மாடி முழுக்கக் கண் ஆஸ்பத்திரி. அதில் இருக்கிற ஒரே லிஃப்டை ஒரு வருஷம் பராமரிக்கும் பொறுப்பு. அடியில் மச்சானின் கையெழுத்து, அதன் மேல் இன்னும் மை காயாத புது ரப்பர் ஸ்டாம்ப்.

"பத்திரமே இன்னும் போடலையே மச்சான்!"

"அடுத்த வாரம் போடப்போறோம். அதுக்குள்ள இந்தக் கட்டடம் வேற எவன் கைக்காவது போயிடும். இதுவரைக்கும் அந்த லிஃப்டைப் பாத்துக்கிட்டிருந்த கம்பெனி நேத்துதான் விட்டுட்டுப் போச்சு. சூட்டோட சூடா அமுக்கிட்டேன்."

"அவங்க ஏன் விட்டாங்க?"

"காசு தகராறாம். நமக்கெதுக்கு?"

"இன்ஷூரன்ஸ் எடுக்கணுமே. மேடம் சொன்னாங்களே."

"எடுப்போம் மாப்ளே. முதல் தவணை வரட்டும், அதுல எடுப்போம். நீ ஏன் எதுக்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கறே?"

மேல்வீடு சுண்ணாம்புக் கையை வேட்டியிலேயே துடைத்தார். "லிஃப்டைப் பாத்தியா?"

"பாக்காம கையெழுத்துப் போடுவேனா? நல்லாப் பாத்தேன். சுத்தமா இருக்கு."

மச்சான் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் குரலை இத்தனை வருஷமாகக் கேட்டுப் பழகிய காதுக்கு அதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை. ஆனாலும் மேல்வீட்டுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பாவம், மச்சான் வேலையை ராஜினாமா செய்துவிட்டார், கடைக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டார், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். சமாதானம் ஆகவில்லை. மறுநாள் மச்சானிடம் மூச்சுவிடாமல் வக்கீலம்மாவைப் பார்க்கக் கிளம்பினார்.

வக்கீலம்மா நடந்ததைக் கேட்டுவிட்டு மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். அது அவருக்காகவா, தனக்காகவா என்று மேல்வீட்டுக்குப் புரியவில்லை.

"பத்திரத்துல நீங்க இன்னும் கையெழுத்துப் போடலை. அந்த ஒப்பந்தத்துலயும் உங்க கையெழுத்து இல்ல. வேணாம்னா இப்பவே ஒதுங்கிக்கலாம். அது அவர் தனியா செஞ்சதுன்னு வாதாடலாம்."

"ஜெயிக்குமா மேடம்?"

"ஜெயிக்க வாய்ப்பு இருக்கு. ஆனா ஒண்ணு. பத்திரம்ங்கறது சாட்சிதான். பத்திரம் இல்லாமலே ரெண்டு பேர் கூட்டாளி மாதிரி நடந்துக்கிட்டா கூட்டாளிதான். அதனால நீங்க அந்தக் கட்டடத்துப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதீங்க. அங்க போய், நான் இந்தக் கம்பெனி ஆளுன்னு சொல்லி ஒரு ஸ்க்ரூவைத் தொட்டாக்கூட, அப்புறம் நீங்க கூட்டாளி இல்லைன்னு என்னால பேச முடியாது."

அவருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. வீடு தப்பித்தது. ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது என்ன பெரிய வித்தையா? மச்சானிடம் எப்படிச் சொல்வது என்பது வேறு பிரச்சினை. அவர் கத்துவார், ஒரு வருஷம் பேச மாட்டார், மனைவி ரெண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பாள். பரவாயில்லை. சுவர் நிற்கும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்து, மச்சானிடம் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். "நீ நல்லாப் பாத்தேன்னு சொன்னே, உன்னை நம்பறேன். ஆனா..." என்று ஆரம்பிக்கலாம் என்று நினைத்தார். அந்த "நல்லாப் பாத்தேன்" என்ற இடத்திலேயே ஒத்திகை நின்றுவிட்டது.

மச்சான் எதைப் பார்த்திருப்பார்?

மச்சான் பார்ப்பது ஒரு இடத்தைத்தான். அவருக்குப் பள்ளம்தான் லிஃப்ட். பள்ளத்தில் இறங்குவார், தண்ணீர் தேங்கியிருக்கிறதா பார்ப்பார், அடியில் தாங்குகிற ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்ப்பார், சுத்தம் என்பார், ஏறி வருவார். இத்தனை வருஷத்தில் அவர் மோட்டார் அறைக்கு வந்ததை விரல்விட்டு எண்ணலாம், அதுவும் டீ கொடுக்க வந்தது. மேலே பார்க்க வேண்டியது அவர் வேலை இல்லை. அது மேல்வீட்டின் வேலை.

அப்படியென்றால் மேலே யாருமே பார்க்கவில்லை. பழைய கம்பெனி விட்டுப் போய்விட்டது. புதுக் கம்பெனி பாதிதான் பார்த்திருக்கிறது. பெட்டியைத் தூக்கும் கம்பி ரோப், பிரேக், மோட்டார் எல்லாம் எப்படி இருக்கிறது என்று இந்த உலகத்தில் ஒரு மனுஷருக்கும் தெரியாது. கண்ணில் கட்டுப் போட்டவர்கள் அதில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தது, போனது. போகாதே என்று வக்கீலம்மா படித்துப் படித்துச் சொன்னது காதில் இருந்தது. வெறும் ஆளாகப் போய், நோயாளிக்குத் துணை வந்தவர்போல ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு வந்தால் அது குற்றமா? எதையும் தொடப்போவதில்லை. நன்றாக இருந்தால் நிம்மதியாகத் திரும்பிவிடலாம். இப்படித் தன்னையே ஏமாற்றிக்கொண்டு பஸ் மாறினார்.

அந்தக் கட்டடத்தின் லிஃப்டுக்கு முன்னால் ஒரு வரிசையே நின்றது. அவர் பின்னால் போய் நின்றுகொண்டார். உள்ளே ஏறியதும் பழக்க தோஷத்தில் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். கிளம்பும்போது ஒரு சின்ன உதறல். நிற்கும்போது ஒரு சறுக்கல். கண் ஆஸ்பத்திரி மாடியில் கதவு திறந்தபோது பெட்டி தரைக்கு நாலு விரல் கீழே நின்றது. ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டிய அம்மாள் வெளியே கால் வைத்தவள் விளிம்பில் இடறி, மகளின் தோளைப் பிடித்துத் தப்பித்தாள்.

"தினம் இப்படித்தான்" என்றாள் மகள், யாரிடமும் இல்லாமல் பொதுவாக.

அவர் கீழே இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். மாடிப்படியில் மேலே ஏறினார். மொட்டை மாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன், "லிஃப்ட் கம்பெனியா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். "ஆமா" என்று வந்தது. வாட்ச்மேன் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மோட்டார் அறைக்குள் நுழைந்ததுமே மூக்கு சொல்லிவிட்டது, பிரேக் கருகிய வாடை. பிரேக் டிரம்மில் எண்ணெய் கசிந்து பளபளத்தது. ரோப் சுற்றி ஓடும் சக்கரத்துக்குக் கீழே தரையில் செம்பழுப்பு நிறத்தில் பொடி கொட்டியிருந்தது. ரோப் உள்ளுக்குள்ளேயே அரைபட்டு உதிர்த்த பொடி. பெட்டி ஒரு மாடியில் வந்து நின்றபின் மெயின் சுவிட்சை அணைத்து, ஒரு பழந்துணியை எடுத்து ரோப்பை லேசாகத் துடைத்துப் பார்த்தார். துணி நகரவில்லை. அறுந்த கம்பிகள் முள்ளாக நீட்டிக்கொண்டு துணியைப் பிடித்துக்கொண்டன.

எல்லா ரோப்பும் ஒரே நாளில் அறுந்துவிடாது, அது அவருக்குத் தெரியும். ஆனால் பிடிக்காத பிரேக்கும் முள் முளைத்த ரோப்பும் ஆள் நிறைந்த பெட்டியும் ஒரு நாள் ஒன்றாகச் சந்தித்துக்கொள்ளும். அது நாளைக்கா, இரண்டு மாதம் கழித்தா என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

சுவிட்சை மறுபடி போட்டுவிட்டுக் கிளம்பினால் யாருக்கும் தெரியாது. வாட்ச்மேனுக்கு அவர் முகம்கூட நாளைக்கு நினைவிருக்காது. வீடு தப்பிக்கும். அந்த அறையில் நின்றுகொண்டு அவர் இதை நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே நினைத்தார். சுவரை உள்ளங்கையால் தட்டியவளின் முகம் வந்து நின்றது. ஐயோ, என்னை மன்னிச்சுடு என்று வாய்விட்டே சொன்னார்.

சுவிட்சைப் போட்டு, பெட்டியை மெதுவாகக் கீழ்த்தளத்துக்கு இறக்கினார். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டால் பதில் சொல்ல இன்று கீழே ஆள் இல்லை. அதனால் ஏழு மாடியும் தானே இறங்கி, காலியான பெட்டியைக் கண்ணால் பார்த்து, கதவைச் சாத்தி, வரிசையில் நின்றவர்களைப் படியில் போகச் சொல்லிவிட்டு, ஏழு மாடியும் மூச்சிரைக்க ஏறி வந்து மெயின் சுவிட்சை அணைத்து, அறைக் கதவில் தொங்கிய பூட்டையே அதில் மாட்டிப் பூட்டினார்.

பூட்டிய சத்தம் அடங்குவதற்குள் கட்டட மேனேஜர் வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? நீங்க யாரு?"

கம்பெனி அனுப்பிய கூலி மெக்கானிக் என்று சொல்லலாம். கூலி ஆளின் வீட்டை யாரும் ஏலம் போடுவதில்லை. ஆனால் கூலி ஆள் பூட்டியதை மேனேஜர் அடுத்த நிமிஷமே திறக்கச் சொல்வார்.

"பார்ட்னர்" என்றார் மேல்வீடு. "ரோப்பும் பிரேக்கும் மாத்தற வரைக்கும் ஓடாது."

மேனேஜர் முகத்தில் கோபம் குறைந்து வேறு ஏதோ வந்தது, கிட்டத்தட்டச் சந்தோஷம். "தாராளமா மாத்துங்க. ஒப்பந்தத்தைப் படிச்சீங்க இல்ல? உதிரி பாகம் எல்லாம் உங்க செலவு. லிஃப்ட் நிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் பிடித்தமும் உண்டு."

அப்போதுதான் விளங்கியது. காசு தகராறு என்றால் இந்தக் காசுதான். ரோப் மாற்ற மேனேஜரிடம் காசு கேட்டுக் கேட்டு வாய் வலித்துத்தான் பழைய கம்பெனி போயிருக்கிறது. ஒரு வருஷப் பராமரிப்புக் காசு முழுசும் சேர்ந்தாலும் அந்த ரோப்புக்குக் காணாது.

மச்சான் தகவல் கேட்டு அரக்கப் பரக்க வந்தார். வந்ததும் நெருப்பைக் கக்கினார்.

"முதல் வாரமே கடையைச் சாத்திட்டியே மாப்ளே! ஒரு மாசம் ஓட்டியிருந்தா தவணை வந்திருக்குமே. உன் பயத்துக்கு ஒரு அளவே இல்லையா?"

மேல்வீடு பழந்துணியை அவர் கையில் கொடுத்து ரோப்பைக் காட்டினார். மச்சான் துடைத்தார். துணி மாட்டியது. இழுத்தார். கிழிந்தது. கையிலிருந்த கந்தலைப் பார்த்தபடி நின்றார்.

"நல்லாப் பாத்தேன்னு சொன்னியே மச்சான்."

"பள்ளத்தை நல்லாத்தான் பாத்தேன்." மச்சான் கந்தலைக் கீழே போட்டார். "மேலே நீதானே எப்பவும் பாப்பே."

"நான் வரவே இல்லையே."

"ஆமா" என்றார் மச்சான். "அது எனக்குத் தோணவே இல்ல மாப்ளே. சத்தியமா தோணல."

அதில் சூதும் இல்லை, வாதும் இல்லை. அதனால்தான் மேல்வீட்டுக்குக் கோபம்கூட வரவில்லை. ஒருத்தர் கையெழுத்துப் போதும் என்று சொன்ன இருவரில் தானும் ஒருவர்.

இருவரும் வீட்டுக்கு வந்தபோது அவள் வேலை முடிந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அண்ணனும் கணவரும் சேர்ந்து தலையைத் தொங்கப்போட்டு நிற்பதைப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

அவர் எதையும் பூசி மெழுகவில்லை. வக்கீலம்மா முதல் நாள் சொன்னதிலிருந்து பூட்டுப் போட்டதுவரை எல்லாவற்றையும் சொன்னார். போகாதே என்று சொல்லியும் போனதைச் சொன்னார். பார்ட்னர் என்று தன் வாயாலேயே சொன்னதைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் முதலில் கேட்டது வீட்டைப் பற்றி இல்லை. "நிறுத்தினப்போ உள்ளே யாரும் மாட்டிக்கலையே?"

"இல்ல. இறங்கிப் போய்ப் பாத்துட்டுத்தான் பூட்டினேன்."

"சரி." கைப்பையை மேசைமேல் வைத்தாள். "பூட்டினது சரி. அதுக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா வீட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு என்கிட்ட கேட்டீங்களே, அது சரியா?"

"தங்கச்சி, எல்லாம் என்னாலதான்" என்று மச்சான் ஆரம்பித்தார். "நான் எப்படியாவது புரட்டி..."

"நீ பேசாதேண்ணா. உன்கிட்ட புரட்டறதுக்கு என்ன இருக்கு? நாளைக்கு எவனாவது வந்தா உன் வாடகை வீட்டுக்கா போவான்? நேரா இங்கதான் வருவான். லாபம் வந்தா உங்க ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. கடன் வந்தா என் வீடு. யாரு போட்ட கணக்கு இது? ஒரு அட்டைப்பெட்டி போறதுக்கே என்னைக் கேக்கறாங்க. என் வீட்டை வெச்சு ரெண்டு பேரும் தொழில் ஆரம்பிச்சிருக்கீங்க, என்னை ஒரு வார்த்தை கேக்கல."

குரல் உயரவே இல்லை. ஆனால் கடைசியில் உடைந்தது. அவள் அழுவதை அவர் கல்யாணமான நாளிலிருந்து ஒன்றிரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார்.

புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, "அந்த வக்கீலம்மா நம்பரைப் போடுங்க" என்றாள்.

"எதுக்கு? இனிமே ஒதுங்கவும் முடியாது, அவங்களே..."

"போடுங்க."

போட்டுக் கொடுத்தார். அவள் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். பில் போடுகிறவள் அல்லவா, ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. பிறகு, "பத்திரத்துல மூணாவது ஆளா என் பேரையும் சேருங்க மேடம்" என்றாள். "மூணு பேரும் கையெழுத்துப் போடாம எந்த ஒப்பந்தமும் போடக்கூடாதுன்னு எழுதுங்க."

மச்சான் வாயைப் பிளந்தார். போனுக்குள் வக்கீலம்மா பேசுவது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேல்வீட்டுக்குத் தெளிவாகக் கேட்டது. "நல்லா யோசிச்சுக்கங்கம்மா. இப்ப வீடு மட்டும்தான் ஆபத்துல இருக்கு. நீங்களும் சேந்தா உங்க சம்பளம், சேமிப்பு, எல்லாத்துக்கும் பொறுப்பு வந்துடும். வெளியில நின்னா அதாவது மிஞ்சும்."

ஒரு கணம் அவள் பின்வாங்கிவிடட்டும் என்று அவர் உள்ளூர வேண்டிக்கொண்டார். அடுத்த கணம் பின்வாங்கிவிடுவாளோ என்று பயந்தார்.

"வெளியில நின்னுதான் பாத்துட்டேனே மேடம்" என்றாள். "போறதா இருந்தா எனக்குத் தெரிஞ்சு போகட்டும்."

போனை வைத்துவிட்டு, ரெண்டு பேரையும் பார்த்து, ரோப் விலை என்ன, யார் கடன் சொல்லித் தருவார்கள், பிரேக்கை நீங்களே மாற்றினால் எத்தனை நாள் ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். மச்சான் கை கட்டி நின்று பதில் சொன்னார். மேல்வீட்டுக்கு வீட்டைப் பற்றிய பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அவள் கேட்டபோது அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடிந்தது.